ரெண்டு ஊத்தினா மூணு

“ரெண்டு லிட்டர் ஊத்துவேன், மூணு லிட்டர் எடுப்பேன். அதுவும் உன் வயித்துக்குள்ள இருந்து!” என்றார் கேட்டுக்காரர்.

மனைவி முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. போக வழியில்லாத நீர் காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். ஈர மண்ணில் மிதித்ததுபோல் பள்ளம் விழுந்தது. விழுந்தது எழவில்லை.

“ஏற்கெனவே ஊறிக் கிடக்கேன். இதுல இன்னும் ரெண்டு லிட்டரா? சீக்கிரம் அனுப்பி வைக்கணும்னா நேராச் சொல்லிடுங்க.”

அவளைக் குறை சொல்ல முடியாது. கேட்டுக்காரர் சினிமாக் கொட்டகை வாசல் கேட்டில் நின்று காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவர். ஊரையே ஒவ்வொருவராக நிறுத்தி உள்ளே விட்ட மனிதர், தன் வாய்க்கு மட்டும் காவல் போட மறந்துவிட்டார். ஒரு சோகப் படம் ஓடியபோது கொட்டகைக்குள் கண்ணீர் முழங்கால் மட்டும் நின்றதாம். முறுக்குக்காரன் தட்டை மிதக்கவிட்டே வியாபாரம் பார்த்தானாம். எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து வருவது ஒரே சொல்: “புளுகு.”

இப்போது முதன்முறையாக அவர் கையில் ஓர் உண்மை இருந்தது. அதை விற்கத்தான் ஆளில்லை. டாக்டர் விளக்கமாகச் சொல்லியிருந்தார். வயிற்றின் உட்புறம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. குழாய் வைத்துச் சர்க்கரைத் தண்ணீரை உள்ளே விட்டால், உடம்பின் நீரும் கழிவும் அந்தச் சவ்வு வழியே அதில் இறங்கும், வடித்துவிடலாம். வேண்டாமென்றால் நீர் நுரையீரலை மூடும். அவள் வேண்டாமென்றாள்.

கேட்டுக்காரர் ஒரு முட்டையை எடுத்தார். நர்ஸ் சொல்லிக்கொடுத்த வித்தைதான். வினிகரில் ஊறப்போட்டு ஓடு முழுக்கக் கரைந்ததும், தோல் மட்டும் மூடிய அந்த முட்டையைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் இறக்கி, அவள் கண்ணெதிரே ஸ்டூலில் வைத்தார்.

“இந்தத் தோல் இருக்கே, என்னை மாதிரி வாசல்ல நிக்கிற ஆளு. தண்ணி ஒல்லிப் பையன், இடுக்குல பூந்து போயிடுவான். சர்க்கரை தொப்பைக்காரன், உள்ள விட மாட்டேன். வெளிய சர்க்கரை கூட்டம் போட்டு நின்னா, உள்ள இருக்கிற தண்ணி வேடிக்கை பாக்க எந்திரிச்சு வந்துடும்.”

“இடைவேளைக்கு வர்ற மாதிரியா? மணி அடிச்சா திரும்பி உள்ள போயிட மாட்டானா?”

“அதுக்குள்ள வடிச்சிடுவோம்ல!”

மறுநாள் முட்டை சுருங்கித் தொளதொளத்துக் கிடந்தது. கரண்டியால் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். “அழுகிப்போச்சு” என்றாள். பிறகு தன் காலையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, “குழாய் வைக்கும்போது வலிக்குமா?” என்று கேட்டாள்.

வீட்டில் முதல்முறை வடித்த பையைக் கேட்டுக்காரர் தராசுக் கொக்கியில் மாட்டினார். முள் இரண்டைத் தாண்டி இரண்டரையில் நின்றது. அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“மூணுன்னீங்க. ரெண்டரைதானே இருக்கு. அப்போ அரை லிட்டர் புளுகு.”

கால்கள் மெலிந்தன. அழுத்திய பள்ளம் விரலைத் துரத்திக்கொண்டு எழுந்தது. அவள் படுத்துத் தூங்கினாள். கேட்டுக்காரர் தெருவெல்லாம் போய், மனைவியின் வயிற்றில் ஊற்று ஒன்று இருப்பதாகவும், இன்னும் கொஞ்சம் முயன்றால் தெருக்குழாயே தேவைப்படாது என்றும் அளந்துகொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருமுறை பை கலங்கலாக வந்தது. வயிற்றுக்குள் கிருமி. காய்ச்சல் இறங்கியது, சவ்வு பழையபடி தேறவில்லை. “சர்க்கரையும் சீக்கிரமே சவ்வைத் தாண்டி உடம்புக்குள்ள போயிடுது. அப்புறம் தண்ணியை இழுக்க வெளியில எதுவும் இல்லை” என்று டாக்டர் அவரைத் தனியே அழைத்துச் சொன்னார். வாசலில் நின்ற ஆளுக்கு வயதாகிவிட்டது. வருகிறவனையெல்லாம் உள்ளே விடுகிறான். கேட்டுக்காரருக்கு இது நன்றாகவே புரிந்தது. வீட்டில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு முதுகைக் காட்டி நின்றே பையை எடை போட்டார்.

ஒருநாள் அவள் தங்கை பார்க்க வந்திருந்தாள்.

“அத்தான் விடுற கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சுக்கா. ஊத்தினதை விடக் கூடவா வரும்?”

“இரு, உனக்கே காட்டுறேன்” என்று அவர் பையைக் கொக்கியில் மாட்டி உயர்த்தினார். முள் இரண்டில் நின்றது. ஊற்றியது இரண்டு. தங்கைக்குத் தெரியாமல் தராசைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டு கூவினார்: “ரெண்டே முக்கால்!”

திருப்பிய வேகத்தில் அலமாரிக் கண்ணாடியை மறந்துவிட்டார். அதற்குள்ளிருந்து மனைவி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மறுபடி தலையணைகள் உயர்ந்திருந்தன. கேட்டுக்காரர் ‘புளுகு’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

“நிஜமாக்கா?” என்றாள் தங்கை.

“ஆமாடி, வந்துச்சு” என்றாள் அவள். “நானே பாத்தேன்.”

சொல்லிவிட்டு, அதுவரை அழுத்திக்கொண்டிருந்த கட்டைவிரலைக் காலிலிருந்து எடுத்தாள். தங்கை பள்ளத்தைப் பார்க்குமுன் புடவையை இழுத்து மூடினாள். கேட்டுக்காரர் பையை இறக்கவில்லை. தராசில் அது மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.