இடப்பக்க ஏற்றம்

போன வாரம் அழித்துவிட்ட கோளாறு கோட் திரும்பவும் ஸ்கேனர் திரையில் வந்து நின்றது. அபிராமிக்கு எரிச்சல் வரவில்லை. ஒளிந்து விளையாடும் பிள்ளையின் பாவாடை நுனி கதவிடுக்கில் தெரிந்துவிட்டால் வருமே, அப்படியொரு குறுகுறுப்புதான் வந்தது. பெருமாநல்லூர் ரோட்டோரம் அவளும் கணவன் காசிமாயனும் நடத்தும் பட்டறையில் என்ஜின் வேலை அவனுடையது. ஒயரிங்கும் சென்சாரும் அவளுடையவை. தேனியில் டிப்ளமோ முடித்துவிட்டு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். தையல் மெஷின் மோட்டார்களைப் பிரித்துப் பார்க்கும் ஆசை அவளை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது. ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டி அவளுக்குச் சப்பென்றிருக்கும். எப்போதாவது மட்டும் கெட்டுப்போகிற வண்டிதான் சோறு தின்னும்போதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

சாரதாமணியின் வெள்ளைக் கார் அந்த ரகம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும், பட்டறைக்கு வந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். என்ஜின் சுற்றுகிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் சின்ன சென்சார் ஒன்று உண்டு. அது வாயை மூடினால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். கோட் அந்த சென்சாரைத்தான் காட்டியது. புது சென்சார் மாட்டிய பிறகும் அதையேதான் காட்டுகிறது.

"இதை நான் அழிச்சுத்தானம்மா அனுப்புனேன். மறுபடி வந்திருக்கு. நடுவுல எங்கயாச்சும் நின்னுச்சா?"

"இல்லீங் கண்ணு. அன்னைக்குப் பாலத்துல நின்னதுதான்."

பாலத்தில் நின்ற அன்று சாரதாமணியின் கணவர் திருமூர்த்தியும் வண்டியில் இருந்திருக்கிறார். பின்னால் வந்த லாரி, உரசுகிற தூரத்தில் பிரேக் அடித்து நின்றதாம். பனியன் கம்பெனி முதலாளி அவர். ஒன்று வண்டியைச் சரி பண்ணு, இல்லாவிட்டால் இனிமேல் கம்பெனி டிரைவரோடுதான் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அபிராமி அந்தப் பாலத்தில் எத்தனையோ தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டாள். வண்டி ஒருதடவைகூட நிற்கவில்லை.

"நிக்காம கோட் வராதும்மா. எங்க நின்னுச்சுன்னு தெரிஞ்சாத்தான் கண்டுபிடிக்கலாம். இல்லாட்டி ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

சாரதாமணி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டிய முகம். பொய் சொல்லிப் பழகாத முகமாகவும் இருந்தது. பட்டறைக்குள் காசிமாயன் காதுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டாள்.

"நீ தெக்கத்திப் பொண்ணுதானே கண்ணு?"

"ஆமாம்மா. தேனி."

சாரதாமணி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறு. நான் ஓட்டறேன்" என்றாள்.

ஊத்துக்குளி ரோட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. துணிக்கட்டு ஏற்றிய வேன்கள் குறைந்து, சோளத்தட்டு ஏற்றிய வண்டிகள் வரத் தொடங்கின. ஸ்கேனரைக் காரில் சொருகி, போனை மடியில் வைத்து, திரையில் ஓடும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள் அபிராமி. என்ஜினின் வேகத்தைக் காட்டும் கோடு அது. சாரதாமணி நிதானமாக, பள்ளம் மேடு பார்த்து ஓட்டினாள். இந்த அம்மாவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று காசிமாயன் சொன்னது தப்பு என்று பட்டது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இடதுபுறம் ஒரு மண்பாதை மேடேறியது. சாரதாமணி முதல் கியருக்கு மாற்றி ஸ்டியரிங்கை ஒடித்தாள். பச்சைக் கோடு சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. என்ஜின் அணைந்துபோயிற்று.

"வந்திருச்சு!" அபிராமி கையைத் தட்டிவிட்டாள்.

சாரதாமணி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். அவள் முகத்தில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

"சாவியைத் திருகுங்கம்மா."

"என்னத்துக்குக் கண்ணு?"

"சும்மா, ஒருக்கா."

திருகியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. பச்சைக் கோடு எழுந்து நேராக ஓடியது. அபிராமிக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. நின்றாலும் உடனே கிளம்பிவிடும் என்று இந்த அம்மா ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை?

"எப்பவும் இப்பிடி உடனே எடுத்துருமாம்மா?"

சாரதாமணி மேட்டைக் கை காட்டினாள். மேட்டின் முடிவில் ஓட்டு வீடு ஒன்று. வாசலில் இரண்டு மாடுகள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அது எம்பொண்ணு ஊடு" என்றாள் சாரதாமணி. "அனுப்ரியா. எங்க கம்பெனியில கட்டிங் பாத்த பையனைக் கட்டிக்கிட்டா. பாண்டித்துரைன்னு பேரு. உங்கூர்ப் பக்கந்தான். அவ பேச்சையே ஊட்டுல எடுக்கக் கூடாதுன்னுட்டாரு இவரு. நான் எப்பவாச்சும் இந்த வழியா வருவனுங். நிறுத்த மாட்டேன். கொடியில அவ துணி தெரியும். பாத்துட்டுப் போயிருவேன். ஒருநாள் வண்டி தானா நின்னு போச்சு. அந்தப் பையன் ஓடியாந்து தள்ளுனான். உள்ளார வாங்கன்னான். வண்டி நின்னு போச்சே, வேற என்ன பண்றதுன்னு போனேன்."

"அடுத்த தடவை?"

"அடுத்த வாட்டி சாவியைப் போட்டே பாக்கலீங் கண்ணு."

அபிராமி இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தாள். ஏற்றத்தில் இடதுபுறம் ஒடித்து இழுக்கும்போது என்ஜின் தன் இருக்கையில் ஒரு பக்கமாகச் சாயும். அணைந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். பாலத்திலும் இடதுபுறம் திரும்பித்தான் ஏறவேண்டும். ஆனால் அங்கே வாகனங்களுக்கு நடுவில் நின்று, ஒடித்து, பாரத்தோடு ஏறினால்தான் அதே சாய்வு வரும். அவளோ காலிப் பாலத்தில் சர்ரென்று ஏறியிருக்கிறாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சூட்டுக்குள் கையை விட்டுத் தடவினாள். சென்சாரிலிருந்து வரும் ஒயர் ஓர் இரும்புப் பட்டைமேல் உரசி, தோல் தேய்ந்து, செம்பு மினுங்கியது. ஒரு நெல்மணி அளவு செம்பு. என்ஜின் சாய்ந்தால் அது பட்டையைத் தொட்டு சென்சாரின் வாயை அடைக்கும், நிமிர்ந்தால் விலகும். அவ்வளவு அழகாக அது மறைந்திருந்ததை அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாரதாமணி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "இதைச் சரி பண்ணிட்டா இனி இங்க நிக்காதில்ல?"

"நிக்காதும்மா."

சாரதாமணி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று அபிராமி ஒரு கணம் காத்திருந்தாள். சொன்னால் என்ன செய்வது? அந்த லாரி நினைவுக்கு வந்தது.

"பண்ணிரு" என்றாள் சாரதாமணி.

அபிராமி ஒயரை ஒட்டி, டேப் சுற்றி, ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, பட்டையை விட்டுத் தள்ளிக் கட்டினாள். வண்டியைக் கீழே இறக்கித் திரும்பவும் அதே இடத்தில் ஒடித்து ஏறினார்கள். பச்சைக் கோடு இழுத்துக் கட்டிய நூல் மாதிரி போயிற்று. வண்டி மேடேறி, வீட்டுக்கு முன்னால் வந்துவிட்டது.

வண்டிச் சத்தம் கேட்டு பாண்டித்துரை வெளியே ஓடிவந்தான். யாரும் எதுவும் சொல்வதற்குள் கைலியை மடித்துக் கட்டி, பின்னால் போய் இரண்டு கைகளையும் டிக்கியில் ஊன்றித் தள்ளத் தயாராக நின்றான். வாசலில் அனுப்ரியா, கையில் மாவோடு.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சாரதாமணி கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். பிறகு சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"தள்ள வேண்டாங் மாப்ள" என்றாள் இறங்கி. "வண்டி நல்லாருக்குது. நானாத்தான் நிறுத்துனேன்."

அவன் கைகளை எடுக்க மறந்து நின்றான்.

அப்போது காருக்குள் சாரதாமணியின் போன் அடித்தது. திருமூர்த்தி. அபிராமி எடுத்து நீட்டினாள். சாரதாமணி அதை வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஆமாங்க, சரியாயிருச்சுங்க. ஒயர்தானுங்களாமா... இல்லீங்க, பட்டறையில இல்லீங்க." வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். "ஊத்துக்குளியில இருக்கறேன். அனு ஊட்டுல."

திருமூர்த்தி போனை வைத்துவிடவில்லை. அவளும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அனுப்ரியா மாவுக் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, முழங்கையால் கதவை அகலமாகத் தள்ளித் திறந்துவிட்டாள்.