அறையின் சத்தம்

கொதிகலன் நான்காவது தடவையாக வெடித்தது.

"டமார்!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினார், நான் பேட்டி எடுக்க வந்த அம்மாவின் கணவர். ஹெட்போனுக்குள் என் இரண்டு காதும் அடைத்துப்போயின. "நீராவி புஸ்ஸுனு கிளம்புது மேடம். லாண்டரி பூரா ஒரே வெள்ளை. அவனவன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுறான். இவ ஒருத்திதான் உள்ள போனா. வால்வைப் பிடிச்சு ஒரே திருகு!"

"சார், அதை அம்மா சொல்லட்டுமே."

"சொல்லுவா, சொல்லுவா. நான் ஆரம்பிச்சுக் குடுக்கறேன்."

மூன்று சனிக்கிழமையாக ஆரம்பித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். இது நான்காவது.

சாதாரண மனிதர்களின் வாழ்க்கையை அவரவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்து, நூலகத்தில் சேர்ப்பது என் வேலை. இந்த அம்மா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் படுக்கை விரிப்புகளை வெளுத்தவர். கணவர் கடிகாரக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சலவைக்கூடத்துக்குள் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. ஆனாலும் அங்கே எத்தனை தொட்டி, எந்தத் தொட்டியில் எந்த வருடம் ஓட்டை விழுந்தது என்பது வரை அவருக்கு அத்துப்படி. அம்மா "அப்போ" என்று வாயைத் திறந்தால் போதும், "அப்போ என்ன ஆச்சுன்னா" என்று இவர் உள்ளே புகுந்துவிடுவார். அவர் உட்காரும் மர நாற்காலி வேறு, அசைந்தால் கிறீச்சிடும். அதையும் சொல்லியாகிவிட்டது. நாற்காலி கொஞ்சம் அடங்கியது. அவர் அடங்கவில்லை.

நேற்று மேலாளர் என் பதிவுத்தாளை எடுத்து ஆட்டினார். "மூணு தடவை போயிருக்க. அந்தம்மா குரல் மொத்தம் பதினோரு நிமிஷம். அதுல நாலு நிமிஷம் வெறும் 'ஆமா'. பேசாம நூலக அட்டையில புருஷன் பேரையே போட்டுடு."

"திங்கட்கிழமை அவங்களுக்கு ஆபரேஷன் சார். குரல்பெட்டியையே எடுக்கறாங்க. இந்தக் குரல் அதுக்கப்புறம் கிடையாது."

"அப்போ நாளைக்கே வாங்கிட்டு வா" என்றார், காய்கறி வாங்கச் சொல்வதுபோல.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பேசலாம் என்று டாக்டர் எழுதிய சீட்டு, அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது. அந்த அரை மணியையும் இவரே பேசித் தீர்த்தார். கேட்டால், "அவ தொண்டைக்குச் சிரமம் குடுக்கக் கூடாதில்ல மேடம்?" என்பார். முகத்தைப் பார்த்தால் நிஜமான அக்கறைதான். அதனால் திட்டவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலி வந்ததுதான் மிச்சம்.

மணி பன்னிரண்டு. அம்மாவின் கண்கள் சோர்ந்திருந்தன. தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. மிச்சமிருந்தது வழக்கமான கடைசி வேலை மட்டும்.

யாரும் பேசாதபோதும் ஓர் அறைக்கு ஒரு சத்தம் உண்டு. பதிவை வெட்டி ஒட்டும்போது இடையில் வைக்க அது தேவைப்படும். ஆகவே ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் ஒரு நிமிடம் எல்லோரும் வாய்மூடி இருக்க, வெறும் அறையைப் பதிவு செய்வோம். நான் கையைத் தூக்கினால் நிமிடம் ஆரம்பம். இறக்கினால் முடிவு. முதல் வாரம் இவர் நடுவில் இருமினார். இரண்டாம் வாரம் நாற்பதாவது நொடியில், "முடிஞ்சுதா?" என்றார். அன்றைக்குப் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். ஆடிப்போய், "இனிமே உயிரே போனாலும் அந்தக் கை இறங்கற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன் மேடம்" என்று சத்தியம் செய்தார். அதிலிருந்து இந்த ஒரு நிமிடத்துக்கு அவர்தான் காவல்காரர். ஜன்னலைச் சாத்துவார், ஃப்ரிட்ஜை நிறுத்துவார், ஃபேனை அணைத்துவிட்டு, திரும்பப் போடுவதற்குத் தயாராக சுவிட்சில் விரலை வைத்தபடி சிலைபோல நிற்பார்.

இன்றும் நின்றார். நான் கையைத் தூக்கினேன்.

பத்து நொடி. இருபது.

"வால்வைத் திருகினது நான் இல்ல" என்றார் அம்மா.

உலர்ந்த துணி கிழிகிற மாதிரியான குரல். பழக்கதோஷத்தில் என் கை பாதி இறங்கியது. அம்மா என் கையையே பார்த்தார். மறுபடி உயர்த்தினேன்.

"அன்னைக்கு நான் வேலைக்கே போகல. துணிப்பையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். திரும்பி வர்ற எண்ணமே இல்ல. இவர் அடிச்சதில்ல, குடிச்சதில்ல. நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா இவர் முடிச்சுடுவார். அவ்வளவுதான். வெளிய சொன்னா சிரிப்பாங்க."

கணவரின் வாய் திறந்தது. என் கையைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"நாலு பஸ்ஸை விட்டேன். எதுலயும் ஏறத் தைரியம் வரல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, இவர் வாசல்ல நிக்கறார், செருப்புகூட இல்லாம. கொதிகலன் வெடிச்சுதுன்னு கேட்டு லாண்டரி வரைக்கும் ஓடியிருக்கார். என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். எதுவும் கேக்கல. மறுநாள் பக்கத்து வீட்டுல சொல்லிட்டிருந்தார், வால்வை மூடினது என் சம்சாரம்தான்னு."

பதிவுக்கருவியின் கவுன்ட்டரில் மூன்று நிமிடம் ஓடியிருந்தது. அறை அடுப்பாகக் கொதித்தது. கணவரின் நெற்றியில் கிளம்பிய வியர்வை கழுத்தில் இறங்கி, சட்டைக் காலருக்குள் போனது. அவர் துடைக்கவில்லை.

"நானும் மறுக்கல. எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு. ஆனா மூடினது சுருட்டை. முடியை வெச்சு நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். விரிப்பை உதற ரெண்டு ஆள் வேணும்மா. பன்னெண்டு வருஷம் அந்த முனையில அவ, இந்த முனையில நான். நான் போகாத அன்னைக்கு அவ தனியா இருந்திருக்கா. முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. அந்தக் கையால இனி விரிப்பு பிடிக்க முடியாதுன்னு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அவளும் போய்ச் சேர்ந்துட்டா. அவ கதையை நான் வெச்சுக்கிட்டு ஆபரேஷனுக்குப் போக முடியாது."

தண்ணீர் குடித்தார். தம்ளர் மேஜையைத் தொட்ட சத்தம் என் காதில் மணிபோல விழுந்தது. டாக்டர் கொடுத்த அரை மணியில் இன்னும் இருபது நிமிடமாவது பாக்கி இருக்கும்.

"சுருட்டை விரிப்பை உதறினா" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். பழக்கம். அந்த வாக்கியத்தை யாராவது வந்து முடிப்பார்கள் என்று காத்திருந்தார்.

யாரும் முடிக்கவில்லை.

என் தோள்பட்டை கடுத்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். கணவர் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார். நாற்காலியைப் பார்த்தார். அது கிறீச்சிடும். சுவரில் முதுகை உரசாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்தியபடி, மெல்ல மெல்லத் தரையிலேயே உட்கார்ந்தார்.