உள்சுவரில் ஒட்டிய கார்க்

வீடுகளுக்கு கார்க் பலகை ஒட்டுவது என் தொழில். வெறும் மரப்பட்டைதான், ஆனால் லேசுப்பட்ட சரக்கில்லை. குளிரோ, சூடோ, சத்தமோ, எதையும் அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது. குளிருக்கென்றால் வெளிச்சுவரில் ஒட்டவேண்டும், பக்கத்து அறைச் சத்தத்துக்கென்றால் உள்சுவரில். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அது தெரிந்துதான் அந்த அயோக்கியத்தனத்தைச் செய்தேன்.

மாமனார் எங்களோடு தங்க வந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். மனுஷன் இருமத் தொடங்கினால் லேசில் நிற்காது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"உங்கப்பா இருமுறாரா, மோட்டார் ஸ்டார்ட் பண்றாரா?" என்று மனைவிமேல் எரிந்துவிழுவேன்.

"வயசானவருங்க. கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்பாள்.

பொறுக்கவில்லை. ஒரு வேலையில் மிச்சமான பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "குளிர் வரப்போகுது மாமா. உங்க ரூம் கதகதப்பா இருக்கட்டும்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, நடுச்சுவரில் இரண்டு அடுக்கு ஒட்டினேன். குளிர் வருகிற ஜன்னல் பக்கத்துச் சுவரைத் தொடவே இல்லை. பாவம், ஆடுகிற ஸ்டூலை அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொந்தப் பிள்ளைகூட இப்படிப் பாத்துக்காது மாப்பிள்ளை" என்றார். வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொல்லிப் பூரித்தார். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் இருமல் கேட்கவில்லை, நன்றாகத் தூங்கினேன்.

நேற்று எனக்கு லீவு. மதியம் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு இரண்டு அறைக் கதவுகளையும் சாத்திப் படுத்தேன். ஐந்தரை மணிக்கு, வேலையிலிருந்து வந்த மனைவி எங்கள் அறைக் கதவைத் திறந்து போட்ட அலறலில்தான் எழுந்தேன்.

மாமனார் கைத்தடியைப் பிடித்தபடி நடுச்சுவர் ஓரமாகத் தரையில் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. ஒரு கால் வீங்கியிருந்தது. சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்க எழுந்தவர், தடுக்கி விழுந்திருக்கிறார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, தலையணையை எடுத்து அவர் தலைக்கடியில் வைக்கக் குனிந்தேன். அப்போதுதான் கார்க்கைப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கைத்தடி நுனி அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். ஒன்றிரண்டில்லை. எத்தனை என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தப் பக்கம் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

"எவ்வளவு நேரமாப்பா இப்படிக் கிடக்கறீங்க? அவரைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று அழுதாள் மனைவி.

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"நான் கூப்பிடவே இல்லம்மா" என்றார் மாமனார். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போய், காற்றுதான் வந்தது. "லீவு நாள். மாப்பிள்ளை தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"நல்ல அப்பா நீங்க! ஒரு குரல் கொடுத்திருந்தா இவர் ஓடி வந்திருக்க மாட்டாரா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சொல்லுங்களேன்."

அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடி வந்திருப்பேன் மாமா" என்றேன்.