அனுப்பப்படுபவர்

மருந்து கொடுக்கும் பெண் இன்சூரன்ஸ் கார்டை இன்னொரு முறை இயந்திரத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குக் கீழிருந்த இடுக்கு வழியாக வெளியே தள்ளினாள்.

"இது நின்னுபோச்சு சார். நீங்க வெளிநாடு போயிட்டீங்கன்னு காட்டுது."

லிஃப்ட் மெக்கானிக்குக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நான் இங்கதானேம்மா நிக்கிறேன்."

"அது எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

அவர் வெளிநாடு போவது உண்மைதான். ஆனால் அது வரும் வியாழக்கிழமை. அங்கே ஒரு நாற்பது மாடிக் கட்டடத்துக்குக் கம்பெனி லிஃப்ட் மாட்டுகிறது. இரண்டு வருஷ வேலை. மனைவியும் ஆறு வயது மகளும் இங்கேயே இருப்பதாக ஏற்பாடு. மகளுக்கு வலிப்பு மாத்திரை, காலையும் மாலையும். மூன்று வருஷமாக மாதம் தவறாமல் இந்த ஜன்னலில்தான் வாங்குகிறார். வெளியே வாங்கினால் அந்த மாத வாடகைக்குக் கையை விரிக்க வேண்டியதுதான். வீட்டில் இன்னும் நாலு நாளைக்கு இருந்தது. மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் பார்த்திருக்கிறார்.

கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராகக் கம்பெனிக்குப் போனார். மேனேஜர் ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

"ராஜினாமாவுல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

பதினொரு தாள்கள் அன்றைக்கு. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அதில் ஒன்று ராஜினாமாவா?

"அங்க இருக்கிறது நம்ம சிஸ்டர் கம்பெனி. அதுல நீங்க புதுசா சேர்றீங்க. அங்கயும் இன்சூரன்ஸ் உண்டு, கவலப்படாதீங்க."

"பாப்பாவுக்கு, சார்?"

"பாப்பா அங்க வந்து இருந்தா பாப்பாவுக்கும் உண்டு."

"அவ இங்கதானே சார் இருக்கப்போறா."

மேனேஜர் பேனாவை மூடினார். "அத நீங்க இன்சூரன்ஸ் ஆபீஸ்லதான் கேக்கணும்."

சிஸ்டர் கம்பெனி என்றால் ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பார்த்தால் அடுப்பு தனித்தனி.

மறுநாள் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனார். டோக்கன் அறுபத்தொன்று. அவர்கள் முறை வந்தபோது மகள் அந்த நாற்காலி வரிசையில் எல்லா நாற்காலியிலும் ஒருமுறை உட்கார்ந்து முடித்திருந்தாள். கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டார்:

"நீங்களா போறீங்களா, கம்பெனி அனுப்புதா?"

"கம்பெனிதான் மேடம். நானும்தான் போறேன்."

அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். அனுப்பினால் நீங்கள் இங்கத்தி ஆள். இங்கேயே சம்பளத்தில் பிடித்தம், இங்கேயே கார்டு, வீட்டில் இருப்பவர்களுக்கும் செல்லும். ஒரு சான்றிதழ் தருவோம், அதைக் காட்டினால் அங்கே இன்சூரன்ஸுக்குப் பணம் பிடிக்க மாட்டார்கள். நீங்களாகப் போய்ச் சேர்ந்தால் அங்கத்தி ஆள். ரெண்டிலும் இருக்க முடியாது. அவர் தலையாட்டினார். அப்புறம் ஆரம்பத்தில் கேட்டதையே மறுபடி கேட்டார். அந்த அம்மாவும் முதலிலிருந்து சொன்னார். லிஃப்டில் நூறு ஒயர் ஓடும் பெட்டியைத் திறந்து, விட்டுப்போன ஒரே ஒரு ஒயரைத் தொட்டுக் காட்டுகிற கை அவருடையது. கதவு மூடும் சத்தத்தை வைத்து எந்த மாடியில் உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இங்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, தன்னுடைய எந்தக் கால் எதில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

மனைவி கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள்.

"மேடம், எப்படி எழுதினா பாப்பாவுக்கு மாத்திரை நிக்காது?"

அந்த அம்மா கைக்குட்டையைக் கீழே வைத்தார். "அனுப்புறோம்னு கம்பெனி எழுதித் தரணும். ராஜினாமாவ வாபஸ் வாங்கணும். ஆனா ஒண்ணு, அப்போ இங்கத்து சம்பளம்தான் வரும். அத யோசிச்சுக்கிட்டு வாங்க."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மனைவி கேட்டாள்: "அந்தச் சம்பளம் இல்லன்னா எதுக்குங்க போறது?"

நியாயமான கேள்விதான். அவ்வளவு தூரம் போய், அதே சம்பளத்துக்கு, அதே வேலை. போகாவிட்டால் ராஜினாமா செய்தவர். போனால், காகிதத்தில் இங்கிருந்து போகாதவர்.

அன்று மாலையே மறுபடி மேனேஜர் முன்னால் நின்றார். இதெல்லாம் இப்போது மாற்ற முடியாது என்றார் மேனேஜர். "அப்போ நான் போகல சார்" என்று சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மேனேஜர் ஃபைலை மறுபடி திறந்தார். நாற்பது மாடிக் கதவுகளையும் ஒரு நூல் பிசகாமல் நிறுத்தத் தெரிந்த வேறு ஆள் கைவசம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் ராஜினாமா வாபஸ் ஆனது, "அனுப்பி வைக்கிறோம்" என்ற வார்த்தைகளோடு கடிதம் வந்தது. சம்பளம் பழையது, சாப்பாட்டுப் படி மட்டும் கொஞ்சம் கூட. ஜெயித்தோமா தோற்றோமா என்று படியிறங்கும்போது யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

புதன்கிழமை பகல் ஒரு மணிக்குச் சான்றிதழ் கையில் கிடைத்தது. கவுண்டர் அம்மா தேதி முத்திரையைத் திருகிச் சரிசெய்து, ஓங்கிக் குத்தினார்.

"சாயங்காலம் கார்டு திறந்திடும், மாத்திரை வாங்கிக்குங்க. இத மடிச்சிடாதீங்க, ஈரம்."

சாப்பாட்டு நேரம். ஷட்டரை இழுத்துவிட்டார்கள், இனி இரண்டரை மணிக்குத்தான்.

மனைவி தாளின் இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்து, கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிப்போவது போல முன்னால் நடந்தாள். நானும் பிடிப்பேன் என்று மகள் எட்டி ஒரு மூலையைப் பிடித்தாள். வாசலில் காற்று அடித்ததில் தாள் ஒருமுறை படபடத்து அவள் கட்டைவிரலில் மோதியது. அவர் குனிந்து பார்த்தார். எந்த மாதம் வரை செல்லும் என்று முத்திரை குத்திய இடத்தில் மை கலைந்திருந்தது. வேலை முடிவது எட்டாம் மாதம்; சான்றிதழ் அதற்கு முன்னால் முடிந்தால் மாத்திரையும் நின்றுவிடும்.

"இது எட்டா, மூணா?"

"மூணு மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி.

"எட்டு," என்றாள் மகள்.

மூன்று பேரும் நடைபாதையில் நின்று தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்கள். வெளிச்சம் ஊதா மையின் வழியாக இறங்கி, மகளின் நெற்றியில் சின்னதாக ஒரு கறைபோல ஆடிக்கொண்டிருந்தது.