தண்ணீர் வைக்காத இலை

“உங்க கப்பல் தாத்தா செத்தத யாருடி பார்த்தாங்க?” என்று எட்டாம் வகுப்பில் சபீனா கேட்டாள், அன்றைக்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் நின்றுபோய், திருமழிசைக் கம்பெனியில் நின்றுகொண்டே அட்டைப்பெட்டி ஒட்டி, கால் வீங்கி, ஆடி அமாவாசைக்கு லீவு சொல்லி, வாழையிலையைத் துடைக்கும்போதும் அதே கேள்விதான்... யார் பார்த்தார்கள்? யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து வந்த பெரிய கப்பல், குண்டு பட்டு முழுகியது, அப்பாவின் தாத்தா துலுக்கானம் அதில் வந்தார், வீட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தவர்களின் பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லையாம். யார் யாரோ, இடுப்புக் குழந்தையோடு, தலைக்கு வைத்த மூட்டையோடு... அவர்களுக்கெல்லாம் எந்த ஊரில் யார் இலை போடுகிறார்கள்? எங்கள் வீட்டில் தாத்தா இலைக்குத் தண்ணீர் மட்டும் வைப்பதில்லை, தண்ணீரில் போனவருக்கு இன்னும் தண்ணீரா என்று, காப்பிதான்.

“கப்பல் தாத்தா குடுத்து வச்சவரு, வருசா வருசம் வட கீது, காப்பி கீது. எந்தம்பிக்கு இன்னா கீது?” அங்கம்மா அத்தை சுவரில் சாய்ந்தபடி ஆரம்பித்தாள், “லாரி எடுத்துகினு போயி ஏழு வருசம் ஆச்சி. அவனுக்கும் ஒரு எலைய போட்டுடு.” அடுப்படியில் அம்மா வடையைத் திருப்பிப் போட்டாள். நசரத்பேட்டை நெடுஞ்சாலை ஓரம் லாரி மட்டும் நின்றது, சாவியோடு, அப்பா இல்லை, அவரையும் யார் பார்த்தார்கள்? இலை போட்டால் அப்பா செத்தவர், அம்மா பொட்டை அழிக்க வேண்டும், தாலியைக் கழற்ற வேண்டும்... போடாவிட்டால் அத்தை விடமாட்டாள், எனக்கோ அசதி, எதையாவது செய்துவிட்டுப் படுத்தால் போதும் போலிருந்தது, கை இரண்டாவது இலையை விரித்துவிட்டது. விரித்த பிறகுதான் பயம்.

“யாருக்குடி அது? பேரச் சொல்லிப் போடு.”

அம்மா வரும் கொலுசுச் சத்தம் கேட்டது. “கப்பல்ல கூட வந்தவங்களுக்கு அத்தே,” எப்படித்தான் வாயில் வந்ததோ. “கப்பலுக்கே சோறாம், ஊட்ல அரிசி கீதா?” என்று அத்தை சிரித்தாள், சிரிக்கட்டும், அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிமிர்ந்தேன். அம்மா நின்றிருந்தாள், ஒரு கையில் தாத்தாவின் காப்பி, இன்னொரு கையில் ஒரு சொம்புத் தண்ணீர்... கப்பலில் போனவர்களுக்கு வைக்காத தண்ணீர், அப்படியானால் அப்பாவுக்கா, எப்போது முடிவு செய்தாள், எத்தனை நாளாக இதைச் சுமந்து அலுத்திருந்தாள், நானா குறுக்கே வந்தேன்? அம்மா அந்த இரண்டாவது இலையைப் பார்த்தாள், காப்பியைத் தாத்தா பக்கம் வைத்தாள், சொம்பைக் கீழே வைக்காமலே வெளியே போய்விட்டாள்.