அரை நொடி

என் அண்ணன் அந்த வருடம் முதல் ஏழு போட்டிகளில் ஏழு முறை விழுந்தான். ஏழையும் எழுதி வைத்திருக்கிறேன்: எந்தச் சுற்று, எந்த வளைவு, எத்தனை மீட்டரில் பிரேக் பிடித்தான், எந்த எலும்பு. மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் மூன்று முறை சாம்பியன் ஆனவன். அந்த மூன்று வருடமும் சேர்த்து அவன் விழுந்தது இரண்டே தடவை.

குறை வண்டியுடையது. பழைய அணி அவனைக் கழற்றிவிட்டு இளையவன் ஒருவனை எடுத்துக்கொண்டது. அண்ணன் கிடைத்த அணிக்கு வந்தான். புது வண்டி வளைவுகளில் சொன்ன பேச்சுக் கேட்கும். நேர்ப்பாதையில் மற்றவற்றைவிட மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் குறைவு. "பின்னாடி ரெண்டு கேன் கட்டிட்டா பால் ஊத்தப் போகலாம்" என்பார் எங்கள் மெக்கானிக். அங்கே இழந்ததை அண்ணன் பிரேக்கில் மீட்கப் பார்த்தான். மற்றவர்கள் வளைவுக்கு நூறு மீட்டர் முன்னால் பிடித்தால் அவன் எண்பதில் பிடித்தான். அது போதாதபோது எழுபதில். எழுபதில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு வண்டி தனியாகவும் ஆள் தனியாகவும் சரளையில் உருளுவதைத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாவது முறை விழுந்தபோது கையுறையைக் கழற்றினால் சுண்டுவிரலின் நுனி உள்ளேயே தங்கிவிட்டது.

போட்டியில் ஓட்டுபவரோடு யாரும் பேச முடியாது. பாதையோரச் சுவரில் நின்று பலகை காட்டுவதுதான் ஒரே வழி. அது அவன் தங்கையான என் வேலை. ஒவ்வொரு சுற்றிலும் எண் தகடுகளைச் செருகி நீட்டுவேன்: எத்தனையாவது இடம், எத்தனை சுற்று பாக்கி, பின்னால் வருபவன் எத்தனை நொடி தள்ளி வருகிறான். முன்னால் போகிறவனை அண்ணனே பார்த்துக்கொள்வான். பின்னால் இருப்பவனுக்கு என் பலகைதான் கண்.

மாலை வகுப்பில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பயிற்சிக்காக ஏழு விழுகைகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஆறு விழுகைகள், பின்னால் வருபவன் 0.4 நொடிக்கும் குறைவான இடைவெளியில் இருக்கிறான் என்று நான் காட்டிய இரண்டு சுற்றுக்குள் நடந்திருந்தன. ஏழு என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பார்த்த பிறகு என் கையால் 0.2 என்று செருக முடியவில்லை.

எட்டாவது போட்டியிலிருந்து எல்லா இடைவெளியோடும் அரை நொடி கூட்டிக் காட்டினேன். நோட்டில் இரண்டு பத்திகள்: உண்மை, காட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. அண்ணன் விழவில்லை. என் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பதினோராவது போட்டிக்கு முந்தைய நாள், அவன் இடத்துக்கு வந்த இளையவன் எங்கள் கொட்டகைக்குள் நுழைந்தான். மெலிந்தவன், சட்டென்று பற்றிக்கொள்பவன். எல்லோரும் தீக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி" என்றான். "நாளைக்கு நேர் ரோட்டுல கொஞ்சம் ஓரமாப் போங்க. பின்னாடி அவசரமாப் போறவங்க வருவோம்."

"சரிடா" என்றான் அண்ணன்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க பழைய வண்டிதானே, நல்லாப் பாத்துக்கறேன். சீட்டுல உங்க பள்ளம் கூட இருந்துச்சு. தட்டி நிமித்திட்டாங்க."

அண்ணன் கையில் தலைக்கவசம் இருந்தது. அதால் வாயிலேயே அடித்தான். தீக்குச்சி டயர் அடுக்கின்மீது சாய்ந்தபோது இன்னொரு அடி, காதோரம். மூன்றாவதற்குள் மெக்கானிக் அவனை இடுப்பில் கட்டி இழுத்தார். தீக்குச்சி எழுந்து, சிவப்பாகத் துப்பி, அண்ணனின் கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். அண்ணன் முட்டியால் அவன் வயிற்றில் இடித்தான். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

பிரித்துவிட்ட பிறகு மெக்கானிக் தரையிலிருந்து பல்லை எடுத்துக் காகிதக் குவளையில் போட்டு நீட்டினார். "எடுத்துட்டுப் போ தம்பி. சீக்கிரம் போனா திரும்ப வெச்சுடுவாங்களாம்."

தீக்குச்சி வாங்கிக்கொண்டான். "நாளைக்கு" என்றான் அண்ணனைப் பார்த்து. அவ்வளவுதான்.

மறுநாள் கடைசிச் சுற்றுத் தொடங்கும்போது அண்ணன் ஆறாவது, தீக்குச்சி ஏழாவது. உண்மை 0.2. நான் 0.7 காட்டினேன். அண்ணன் தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனான்.

கடைசி வளைவு சுவரிலிருந்து நன்றாகத் தெரியும். அண்ணன் அகலமாகப் போனான், பின்னால் யாரும் இல்லாதவன் போவதுபோல. உள்பக்கம் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் இருந்தது. தீக்குச்சி அதில் நுழைந்தான். அண்ணன் வளைவுக்குள் திரும்பினான்.

சத்தம் பிறகுதான் வந்தது. இரண்டு வண்டிகளும் கோத்துக்கொண்டு சரிந்தன. அண்ணன் தோள் தரையில் மோத உருண்டு வெளியே விழுந்தான். தீக்குச்சியின் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வண்டி அவனை இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பில் மோதி, அவன்மேலேயே ஒருமுறை புரண்டது. கால் முட்டிக்கு மேலே இன்னொரு மூட்டு இருப்பதுபோல மடங்கியிருந்தது. அவன் கத்தியது சுவர்வரைக்கும் கேட்டது. தொடை எலும்பு மூன்று துண்டு. அண்ணனுக்கு இடது காரை எலும்பு, தோளிலிருந்து நான்கு விரல் தள்ளி.

அன்று மாலையே மாடியில் நடுவர்கள் கூப்பிட்டார்கள். நீள மேசை, மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர்.

"முந்தின நாள் அவனை அடிச்சிருக்கீங்க. இன்னைக்கு அவன் மேலயே திரும்பியிருக்கீங்க" என்றார். "வேணும்னு செஞ்சதுன்னா உரிமம் மூணு வருஷம் ரத்து. சொல்லுங்க."

அண்ணன் தூளியில் தொங்கிய கையைச் சரிசெய்துகொண்டான். அவனுக்கு முப்பத்துநான்கு வயது. மூன்று வருடம் என்றால் அதோடு முடிந்தது. நான் எழுந்து நோட்டை மேசையில் வைத்தேன். இரண்டு பத்திகளையும் விளக்கினேன். எண்களைத் தப்பில்லாமல் சொன்னேன்.

"ஒரு சுத்துக்குள்ள இடைவெளி மாறாதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மாறும் மேடம். பாயிண்ட் ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. பாயிண்ட் ஏழுன்னா அந்த வளைவுல யாரும் உள்ள வர முடியாது. அவர் அப்படித்தான் நெனச்சிருப்பார்."

அவர் அண்ணனைப் பார்த்தார். "அப்படியா?"

"போர்டைத்தான் நம்பினேன்" என்றான் அண்ணன். "யாரும் இல்லேன்னு நெனச்சுத் திரும்பினேன்."

அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். விபத்து. உரிமம் அப்படியே இருக்கும். எனக்கு ஒரு வருடம் சுவருக்குப் போகத் தடை. நான் அதற்கு நன்றி சொன்னேன்.

படியில் இறங்கும்போது அண்ணன் மெதுவாகச் சிரித்தான். தோள் வலித்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது.

"பாயிண்ட் அஞ்சா கூட்டினே? நான் ஆறுன்னு கணக்குப் போட்டிருந்தேன்."

நான் நின்றேன். "உனக்குத் தெரியுமா?"

"எட்டாவது போட்டிலேர்ந்தே. பின்னாடி வர்றது காதுல விழாதா? அதுவும் அவன் ஓட்டுறது என் வண்டி. மூணு வருஷம் அந்தச் சத்தத்து மேலதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப விழாம இருந்தது?"

"மெக்கானிக் முன்சக்கர ஃபோர்க்கை மாத்தினார், சக்கரம் பூட்டிக்கறது நின்னுச்சு. உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பத்தி போட்ட நான் அதற்கு ஒரு பத்தி போட்டிருக்கவில்லை.

"அண்ணா, அவன் உள்ள வந்தது உனக்குத் தெரிஞ்சுதா?"

"வரட்டும்னுதானே அகலமாப் போனேன். அவன் முன்சக்கரம் என் முட்டிகிட்ட வர்ற வரைக்கும் காத்திருந்து திரும்பினேன்." சாதாரணமாகத்தான் சொன்னான், சமையலறையில் என்ன இருக்கிறது என்று சொல்வதுபோல. "என் வண்டியில வந்து, என் வளைவுலயே என்னைத் தாண்டுவானா? வா, பசிக்குது."

நான் திரும்பி ஒரு படி ஏறினேன்.

"எங்க போறே?"

"மேல."

வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். பிரேக் பிடித்துப் பிடித்து இறுகிய கை. எலும்போடு எலும்பு உரசுவது எனக்கே கேட்டது. "இறங்கு" என்றான்.

"விடு."

"கூடப் பொறந்தவ மாதிரி நடந்துக்கோ. நீயா கொடுத்த வழி, நான் போனேன். இப்ப எதுக்கு ஒழுங்கு காட்டறே? மூணு வருஷம்டீ." இன்னும் இறுக்கினான். விரல்கள் மரத்துப்போயின. "கையை உடைச்சிடுவேன்."

உடைப்பான் என்று நம்பினேன். அவன் எலும்பு எங்கே உடைந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தோளிலிருந்து நான்கு விரல். இன்னொரு உள்ளங்கையை அங்கே வைத்து, என் முழு எடையையும் சாய்த்து அழுத்தினேன். உள்ளே ஏதோ நகர்ந்தது. அவன் வாயிலிருந்து சத்தம்கூட வரவில்லை, காற்று மட்டும் வந்தது. பிடி விட்டது. கைப்பிடிக் கம்பியோடு வழுக்கிப் படியில் உட்கார்ந்து பித்தமாக வாந்தி எடுத்தான்.

நான் மேலே போனேன். நடுவர்கள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தை.

"கீழ அவருக்கு டாக்டர் வேணும்" என்றேன். "அப்புறம், நான் சொன்னது தப்பு மேடம். எழுதிக்கோங்க."