பத்து மணிக்கு விடுகிறேன் என்றாள்

பிபிஏ இரண்டாம் வருடத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வகுப்பு: புள்ளியியல். இந்தப் பருவத்தில் அதை முடித்தால்தான் கடைசி வருடம் நிதிப் பிரிவு கிடைக்கும். இல்லாவிட்டால் மார்க்கெட்டிங்கில் தள்ளிவிடுவார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற நான் அங்கே போய் என்னத்தைக் கிழிப்பது?

மொத்தம் நாற்பது இடம். கடைசி வருடத்துக்காரர்களுக்குத் திங்கட்கிழமையே பதிவு திறந்துவிடும். எங்களுக்குப் புதன் காலை பத்து மணிக்குத்தான். அதனால் எங்கள் கல்லூரியில் துண்டு போட்டு வைப்பது வழக்கம். மேலே படிக்கிறவர் தன் பெயரில் இடத்தைப் பிடித்து வைத்திருந்து, சரியாகப் பத்து மணிக்கு விடுவார். நாம் அதே நொடியில் அமுக்கிவிட வேண்டும்.

எனக்குத் துண்டு போட்டவள் பெரியம்மா மகள். ஒரே வீடு, ஒரே அறை. எந்தப் பருவத்தில் எந்த வகுப்பு என்று அவளுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டுக் கொடுப்பவளே நான்தான்.

புதன்கிழமை நூலகக் கணினி முன்னால் போனைக் காதில் இடுக்கியபடி உட்கார்ந்திருந்தேன்.

"ரெடியாடி? ஒன்னு, ரெண்டு, மூணு. விட்டுட்டேன், போடு!"

அமுக்கினேன். இடமில்லை. மறுபடியும் அமுக்கினேன். இடமில்லை.

"ஐயோ, எவனோ முந்திட்டான்டி!" அவள் குரல் கம்மியது. பாவம், எனக்காக இப்படிக் கலங்குகிறாளே என்று நான் அவளைத் தேற்றினேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

யாராவது விலகினால் சொல்லுங்கள் என்று கேட்க அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் அம்மா திரையைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ரொம்புனதுதான். அதுக்கப்புறம் ஒருத்தர்கூட விலகலம்மா."

"காலைல பத்து மணிக்கு ஒருத்தங்க விலகினாங்களே மேடம்?"

"யாரும் இல்லையே. அதே நாப்பது பேர்தான் இருக்காங்க."

நேராக வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அவள் கடை வேலைக்குப் போகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை.

"அந்த வகுப்பு பதினொன்னுக்கே முடிஞ்சிடுதுடி. மதியம் கடைக்குப் போக வசதி. எனக்கும் ஏதோ ஒரு பேப்பர் வேணும்ல?"

ஏதோ ஒரு பேப்பர்.

"அப்ப எதுக்குக்கா போன்ல எண்ணின?"

"நேரா சொன்னா உன் மனசு கஷ்டப்படும். எவனோ எடுத்துட்டான்னா ரெண்டு நாள்ல ஆறிடும்னு பாத்தேன்."

அவள் கணக்கு சரிதான். முன்பின் தெரியாத எவனோ எடுத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.